அடைப்புக்குறிக்குள் ஓர் அழுகை

அதிராம்பட்டினம்
18 ஜனவரி 2025

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் ஆஸிம் மச்சானும் சுகமா? இங்க எல்லாரும் சுகம். பெரியம்மாவுக்கு முட்டிவலிதான். ஆனா மாடி ஏறி வந்து என்னைத் திட்டுற அளவுக்குத் தெம்பு இருக்கு, அதனால உங்க உம்மாவும் சுகம்னே எழுதறேன்.

வாட்ஸ்அப்ல துண்டு துண்டா அனுப்பாதே, ஒழுங்கா உக்காந்து மெயில் எழுதுன்னு நீங்க சொன்னதால இது. இல்லன்னா இந்நேரம் நாப்பது வாய்ஸ் நோட் போட்டிருப்பேன். ஐயோ, உங்களுக்கு வாய்ஸ் நோட்! என் புத்தி இருக்கே. சிரிச்சீங்கதானே?

விஷயம் என்னன்னா, முடிச்சுட்டேன்!!! நம்ம துருக்கி சீரியல் பன்னிரண்டாவது எபிசோடுக்கு முழுத் தமிழ் சப்டைட்டில். பேச்சு மட்டும் இல்ல, உங்களுக்காக எல்லாச் சத்தமும் அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்கேன். (கதவு தட்டப்படுகிறது.) (தூரத்தில் நாய் குரைக்கிறது.) எங்க சப்டைட்டில் குரூப்ல இளம்பரிதின்னு ஒரு சீர்காழிப் பையன், “சத்தத்தை ஏன் எழுதறே, அதான் கேக்குதே?”ன்னு கேட்டான். “உனக்குக் கேக்குது. எங்க ராத்தாவும் மச்சானும் காது கேக்காதவங்க. மூடிட்டுப் பாரு”ன்னு போட்டேன். பாவம், ஒரு வாரமா ஆளைக் காணோம்.

பாத்துட்டு உடனே எழுதுங்க. மச்சானுக்கு சலாம். செல்போன் கடையில வியாபாரம் நல்லா நடக்கட்டும்.

உங்க ரிஃப்கா


தஞ்சாவூர்
30 ஜனவரி 2025

அன்புத் தங்கை ரிஃப்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அவரும் நலம். உம்மா நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறார்களா? சின்னம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறதா?

பன்னிரண்டாவது பகுதியை இருவரும் இரண்டு முறை பார்த்தோம். நாய் குரைத்தது என்று நீ எழுதியிராவிட்டால் அந்தக் கிழவர் ஏன் சன்னலை மூடினார் என்று எங்களுக்குப் புரிந்திருக்காது. ஆஸிம் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

ஒரு கேள்வி. தாய் சமைத்துக்கொண்டிருக்கும்போது குழந்தை அழுகிறது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெங்காயம் நறுக்குகிறாள். பிறகு மறுபடியும் குழந்தை அழுகிறது. இந்த முறை கத்தியைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். நீ இரண்டு இடத்திலும் “குழந்தை அழுகிறது” என்றே எழுதியிருக்கிறாய். ஆங்கில வரிகளை வைத்துப் பார்த்தேன். முதல் இடத்தில் cry என்று இருக்கிறது. இரண்டாம் இடத்தில் bawl என்று இருக்கிறது.

இரண்டும் எப்படி வேறுபடும்? அந்தத் தாய் அடுத்த அறையிலிருந்தே அதை எப்படி அறிந்தாள்? அகராதியில் பார்த்தேன். “உரக்க அழு” என்று இருந்தது. உரக்க என்றால் என்ன என்று அதில் இல்லை.

நேரம் கிடைக்கும்போது விளக்கமாக எழுது. எல்லோருக்கும் என் சலாமைச் சொல்.

துஆவுடன்,
உன் ராத்தா ஃபஹ்மிதா


அதிராம்பட்டினம்
1 பிப்ரவரி 2025

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம், சுகம், எல்லாரும் சுகம், தைலம் தேய்க்கிறாங்க, சர்க்கரை குறையல, ஏன்னா உம்மா ஒளிச்சு வச்சு அல்வா சாப்பிடுறாங்க. சரி, கேள்விக்கு வர்றேன். என்ன கேள்வி ராத்தா இது! ரெண்டு நாளா தூக்கமே இல்ல. நான் என்ன காலேஜ்லயா இங்கிலீஷ் படிச்சேன்? சப்டைட்டில் பாத்துப் பாத்துப் பொறுக்கினதுதான். ஆனா இதை விடுறதா இல்ல.

bawl-னா வெறும் அழுகை இல்ல. வாயை முழுசாத் திறந்து, வெக்கம் மானம் எதுவும் பாக்காம, தொண்டையில இருக்கறதெல்லாம் வெளிய வர்ற மாதிரி அழறது. கண்ணீர் வருதா இல்லையாங்கறது முக்கியமே இல்ல. சத்தம்தான் முக்கியம். பெரியவங்க அழுதாலும் சொல்லலாம், ஆனா சொன்னா கொஞ்சம் கேலி கலந்துடும், “சின்னப் பிள்ளையாட்டம் அழுதான்”ங்கற மாதிரி.

அழாமலே கூட அந்த வார்த்தையைப் போடலாம். கரகரன்னு தொண்டை கிழியக் கத்தினாலும் அதேதான். மீன் ஏலத்துல சிங்காரவேலு அண்ணன் விலை சொல்றதை நீங்க பாத்திருக்கீங்க. கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைக்கும், நாக்கு வரைக்கும் தெரியும். அது ஒரு bawl. பின்னாடி out சேத்தா, திட்டித் தீக்கறது. பெரியம்மா மாடி ஏறி வந்து பண்றது அது. மூணும் நம்ம வீட்டைச் சுத்தியே இருக்கு பாருங்க!

குழந்தைக்குத் தமிழ்ல என்ன போடலாம்? கதறுதுன்னா யாரோ செத்த மாதிரி இருக்கு. அலறுதுன்னா பேயைப் பாத்த மாதிரி. “வீறிட்டு அழுகிறது”ன்னு மாத்திட்டேன். நல்லா இருக்கா?

அந்தம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு மட்டும் எனக்குச் சொல்லத் தெரியல ராத்தா. கேட்டாலே தெரியும். அவ்வளவுதான் எழுத முடியுது. கோவிச்சுக்காதீங்க.

ஆமா, ஒரு சீரியலுக்கு இவ்வளவு கேள்வியா? அப்புறம், உங்க மெயிலெல்லாம் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு. சலாம்ல ஆரம்பிச்சு துஆவுல முடிச்சு, ஒரு புள்ளிகூடத் தப்பாம. எனக்கு மெயில் எழுதும்போதாவது கொஞ்சம் கலைச்சுப் போட்டு எழுதுங்களேன்.

உங்க ரிஃப்கா


தஞ்சாவூர்
24 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ரிஃப்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நலம். அங்கு எல்லோரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

நான் தமிழைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தவள். யாரும் பேசிக் கேட்டதில்லை. அதனால் எனக்குக் கலைத்துப் போடத் தெரியாது. உன் எழுத்தைப் படித்துத்தான் வீட்டில் எல்லோரும் எப்படிப் பேசுகிறீர்கள் என்று தெரிந்துகொள்கிறேன்.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் உண்டு. நான் கருவுற்றிருக்கிறேன். நான்காவது மாதம் நடக்கிறது. ஆஸிமுக்கும் டாக்டருக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

உம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். நம் தெருவில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது வழக்கம். நான் தஞ்சாவூருக்குப் போகிறேன் என்றதும் உம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். “பிள்ளை பிறந்தால் என்னிடம் கொடுத்துவிடு. பேச்சு வரும் வரை நான் வளர்க்கிறேன். பிள்ளை அழுதால் உங்கள் இருவரில் யார் எழுந்து போவீர்கள்?” அவர்கள் உதட்டைப் பார்த்தே படித்துவிட்டேன்.

என் பிள்ளையை நான் வளர்க்க வேண்டும் ரிஃப்கா. அழுகைக்கு விளக்கு எரியும் கருவி ஒன்றை அவர் வாங்கி வந்திருக்கிறார். தெருவில் லாரி போனாலும் எரிகிறது, குக்கர் வைத்தாலும் எரிகிறது. மின்சாரம் போனால் எரிவதே இல்லை. உம்மாவிடம் சொல்வதற்கு முன் எனக்கு ஒரு பதில் வேண்டும். அதனால்தான் அந்தச் சொல்லைக் கேட்டேன்.

தயவுசெய்து யாருக்கும் சொல்லாதே. அனைவருக்கும் என் சலாம்.

துஆவுடன்,
உன் ராத்தா ஃபஹ்மிதா


அதிராம்பட்டினம்
25 பிப்ரவரி 2025

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். எப்படி எழுதறதுன்னு தெரியல. நீங்க சுகமா இருக்கணும். முதல்ல மாஷா அல்லாஹ். ஆயிரம் தடவை மாஷா அல்லாஹ்.

ரெண்டாவது, என்னை மன்னிச்சுடுங்க.

உங்க மெயிலை மாடியில நின்னு படிச்சேன். “கருவுற்றிருக்கிறேன்”ங்கற வார்த்தைக்கு வந்ததும் நான் கத்திட்டேன் ராத்தா. நானா கத்தணும்னு கத்தல. தொண்டை தானாத் திறந்துக்கிச்சு. மூணு வீட்டுக்குக் கேட்டிருக்கும். யாருக்கும் சொல்லாதேன்னு கடைசியில எழுதிருக்கீங்க. நான் அதுவரைக்கும் படிக்கவே இல்லையே!

பெரியம்மா என்னமோ ஏதோன்னு முட்டியைப் பிடிச்சுக்கிட்டே ஓடி வந்தாங்க. “என்னடி? யாருக்கு என்ன?”ன்னு கேட்டாங்க. நான் அழுதுக்கிட்டே சிரிச்சுட்டு இருந்தேன். உம்மாவும் வந்துட்டாங்க. போனைப் பிடுங்கிப் படிச்சுட்டாங்க.

பெரியம்மா அப்படியே படியில உக்காந்துட்டாங்க. துப்பட்டாவுல முகத்தைத் துடைச்சுக்கிட்டாங்க. “என்கிட்ட சொல்ல அவளுக்கு அவ்வளவு பயமா?”ன்னு கேட்டாங்க. அப்புறம் எழுந்து, “நோன்பு முடியட்டும், நானே போய்ப் பேசறேன். பிள்ளை இங்கதான் வளரும்”னுட்டுக் கீழ போயிட்டாங்க.

திட்டி ஒரு வரியாவது எழுதுங்க ராத்தா. ப்ளீஸ்.

ரிஃப்கா


அதிராம்பட்டினம்
19 மார்ச் 2025

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எப்படிப் போகுது? உங்களை வைக்க வேணாம்னு டாக்டர் சொல்லியிருப்பாங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க.

நான் வாட்ஸ்அப்ல அனுப்பின மன்னிப்புக்கெல்லாம் ரெண்டு நீல டிக் மட்டும்தான் எனக்கு வந்த பதில். பரவாயில்ல. நானா இருந்தா டிக்கூட விழ விட்டிருக்க மாட்டேன்.

பதின்மூணாவது எபிசோட் இன்னும் தொடல. அதுல அந்தக் குழந்தை நிறைய அழுது.

ரிஃப்கா


தஞ்சாவூர்
4 ஏப்ரல் 2025

அன்புத் தங்கை ரிஃப்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்துகள். சின்னம்மா உம்மாவிடம் கொடுத்தனுப்பிய வட்டலப்பம் கிடைத்தது. இருவரும் ரசித்துச் சாப்பிட்டோம்.

உன் மேல் கோபமாகத்தான் இருந்தேன். இப்போது இல்லை. சந்தோஷத்தில் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியாது. எங்களுக்குக் கை தானாக எழும். செய்தி தெரிந்த அன்று ஆஸிம் கையை வீசியதில் மேசையில் இருந்த வாடிக்கையாளர் போன் ஒன்று கீழே விழுந்து உடைந்தது.

உம்மா வந்து இரண்டு நாள் இருந்தார்கள். சண்டை போடவில்லை. ஆஸிமின் போனை வாங்கித் தட்டெழுதிக் காட்டினார்கள். அதை அப்படியே எழுதுகிறேன்: “உன்னை நம்பலன்னு நினைக்காதே. பிள்ளை அழும். யாரும் வர மாட்டாங்க. மறுபடி அழும். அப்பவும் வர மாட்டாங்க. அழுது பிரயோசனம் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு ஒரு நாள் அழறதையே நிறுத்திடும். அப்படி ஒரு பிள்ளை வேணுமா உனக்கு?”

பிள்ளை வீறிட்டு அழும் என்றுதான் இதுவரை பயந்திருந்தேன். அழாமல் போய்விடும் என்று நினைத்ததே இல்லை.

பிரசவத்துக்கு உம்மா இங்கேயே வருகிறார்கள். நாற்பது நாள் இருப்பார்கள். நாற்பது முடிந்ததும் பிள்ளை அவர்களோடு நம் ஊர் அதிரைக்குப் போகும். நானும் போய் வந்து பார்த்துக்கொள்ளலாம். இதுதான் அவர்கள் முடிவு. நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பதின்மூன்றாவது பகுதியைச் செய். அந்தக் குழந்தை அழும் இடங்களை விடாதே. எல்லோருக்கும் சலாம்.

துஆவுடன்,
உன் ராத்தா ஃபஹ்மிதா


அதிராம்பட்டினம்
20 ஏப்ரல் 2025

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா? வாந்தி நின்னுடுச்சா? பெரியம்மா மாவடு போட்டிருக்காங்க. உங்களுக்கு ஒரு ஜாடி, மச்சானுக்கு ஒரு ஜாடி. எனக்கு நக்கிப் பாக்கக்கூடக் கிடைக்கல.

உங்க மெயில் வந்ததுல இருந்து நான் ஆராய்ச்சியில இறங்கிட்டேன். பக்கத்து வீட்டு சைத்தூன் பீவி அக்காவுக்குப் பிள்ளை பொறந்து ரெண்டு மாசம் ஆகுது. தினம் அங்கதான் இருக்கேன். அக்கா, “என்னடி, பிள்ளை அழுதா சந்தோஷமா ஓடி வர்றே?”ன்னு கேக்கறாங்க. காதை விட்டுட்டுக் கண்ணால மட்டும் பாத்து எழுதிருக்கேன், படிங்க.

சும்மா அழும்போது வாய் கோணும், உதடு நடுங்கும், கை மெதுவா ஆடும். வீறிடும்போது அப்படி இல்ல. முதல்ல முகம் சிவக்கும். வாய் திறந்தபடியே நிக்கும், சத்தம் வராது. மூச்சே நின்ன மாதிரி ஒரு இடைவெளி. நாம பயந்துடுவோம். அப்புறம் ஒரே வெடிப்பு. ரெண்டு காலையும் சேத்து உதைக்கும். உடம்பே வில்லா வளையும். மறுபடி இடைவெளி, மறுபடி உதை. இதான் bawl. டிக்‌ஷனரிக்காரங்க சத்தத்தை மட்டும் எழுதிட்டு உதையை விட்டுட்டாங்க.

சைத்தூன் அக்கா பெரிய கில்லாடி. தூளியில ஒரு நைலான் கயிறைக் கட்டி அடுப்படி வரைக்கும் இழுத்து வச்சிருக்காங்க. மீன் கழுவிக்கிட்டே காலால கயிறை ஆட்டுவாங்க, தூளி ஆடும். நேத்து “கொஞ்சம் பிடிடி”ன்னு என் கையில கொடுத்துட்டுக் கடைக்குப் போனாங்க. பிள்ளை முழிச்சு வீறிட்டுச்சு பாருங்க, நான் அதை ஆட்டறதுக்குப் பதிலா அது என்னை ஆட்டிடுச்சு. கயிறு என் கையை வெடுக் வெடுக்குன்னு இழுக்குது. இன்னொரு கையில வச்சிருந்த நூடுல்ஸ் கிண்ணம் கவுந்து, அதுக்கும் பெரியம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

சரி, முக்கியமான விஷயம். ஒரு ஆப் கண்டுபிடிச்சிருக்கேன். அழுகையைக் கேட்டு வாட்ச் அதிருமாம். லிங்க் கீழ இருக்கு. மச்சானைப் பாக்கச் சொல்லுங்க. இதுதான் வழின்னு எனக்குத் தோணுது.

உங்க ரிஃப்கா


தஞ்சாவூர்
17 ஜூன் 2025

அன்புத் தங்கை ரிஃப்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். கால் மட்டும் வீங்குகிறது. மாவடு தீர்ந்துவிட்டது என்று உம்மாவிடம் சொல்.

புது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. மாலையில் பாலம் வரை நடக்கிறோம். பாலத்தின் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்தால் தண்ணீர் போவது தெரிகிறது.

நீ அனுப்பிய ஆப்பை அவர் பார்த்தார். குக்கர் விசிலுக்கும் வாட்ச் அதிர்கிறது. அதை விட்டுவிட்டோம். உன் கடிதத்தில் நீ முக்கியம் என்று எழுதாத பத்தியைத்தான் பலமுறை படித்தோம்.

கீழ் வீட்டில் செந்தாமரை என்று ஒரு பெண் இருக்கிறாள். நர்ஸ். அவள் மகன் வளவனுக்கு மூன்று மாதம். கூடத்தில் தூளி கட்டினோம். ஆஸிம் தூளித் துணியின் மேல்முடிச்சில் கயிற்றைக் கட்டி, சுவரில் ஒரு சிறு உருளையில் போட்டு, அடுத்த அறைக் கட்டில் வரை கொண்டு வந்தார். பிள்ளையின் மேல் எதுவும் படாது. நான் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு பகலில் படுத்துத் தூங்கினேன். செந்தாமரை வளவனைத் தூளியில் போட்டுவிட்டு, எதுவும் செய்யாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

முதலில் கயிறு லேசாகத் துடித்தது. கண் விழித்தேன். எழுந்திருக்கவில்லை. துடிப்பு நின்றுவிட்டது. அவன் சும்மா சிணுங்கினானாம். மீண்டும் உறங்கினேன். பிறகு ஓர் இழுப்பு. நின்றது. ரிஃப்கா, நீ எழுதிய அந்த இடைவெளி கயிற்றில் வந்தது. அதன் பிறகு கை கட்டிலை விட்டே எழும் அளவுக்கு ஓர் இழுப்பு. நான் ஓடினேன். போகும் வழியில் அந்தத் துருக்கித் தாயின் நினைவு வந்தது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாளே, அவள்.

அதன் பிறகு ஒன்பது நாளாகத் தினமும் வளவனைக் கேட்டு வாங்குகிறேன். இருமுறை தவறவிட்டேன். அது கயிறு தளர்ந்ததால்தான். கட்டுகிற இடத்தை மாற்றிவிட்டோம்.

உம்மாவிடம் இதை எழுதவில்லை. எழுதினால் கயிற்றையா நம்புவது என்பார்கள். அவர்களே பார்க்கட்டும். நீயும் சொல்லாதே. இந்த முறை முழுவதும் படித்த பிறகு கத்து. எல்லோருக்கும் சலாம்.

துஆவுடன்,
உன் ராத்தா ஃபஹ்மிதா


அதிராம்பட்டினம்
3 ஆகஸ்ட் 2025

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளை சுகமா? நீங்க சுகமா? பச்சை உடம்போட போனை நோண்டாதீங்கன்னு உம்மா சொல்லச் சொன்னாங்க. அதனால மெதுவாப் படிச்சாப் போதும்.

பொண்ணு! வீடியோ கால்ல பாத்தேன். உங்க மூக்கு, மச்சான் காது. (சத்தியமா தெரியாம எழுதிட்டேன், அழிக்க மாட்டேன்.) இந்தத் தடவை தலகாணியில முகத்தை வச்சுத்தான் கத்தினேன். யாருக்கும் கேக்கல.

போன மெயில்ல நீங்க எழுதினதை யாருக்கும் சொல்லல. ஆனா ஒரு விஷயம் சொல்லியாகணும். பெரியம்மா தஞ்சாவூருக்குக் கிளம்பும்போது பெரிய நீலப் பெட்டியை எடுத்துட்டு வந்தாங்க இல்ல, அது பாதி காலி. “எதுக்கு இவ்வளவு பெரிய பெட்டி?”ன்னு கேட்டேன். “வரும்போது பிள்ளை சாமான் இருக்கும்ல”ன்னாங்க. அன்னைக்கு ராத்திரி அவங்க மேல எனக்கு அவ்வளவு கோபம். உம்மாகிட்டப் போய்க் கொட்டினேன்.

உம்மா ஒண்ணு சொன்னாங்க. உங்களுக்குச் சொல்லலாமா தெரியல. உங்களுக்குக் காது கேக்காதுன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு, தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வராந்தாவுல பெரியம்மா கத்தி அழுதாங்களாம். அப்படி ஒரு அழுகையை அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அவங்ககிட்டப் பாத்ததே இல்லையாம். ஆஸ்பத்திரியே திரும்பிப் பாத்துச்சாம். அவங்க தோள்ல தூங்கிட்டிருந்த நீங்க மட்டும் முழிக்கவே இல்லையாம்.

நான் சொன்னதாக் காட்டிக்காதீங்க.

பிள்ளைக்கு ஒரு முத்தம்.

உங்க ரிஃப்கா


தஞ்சாவூர்
14 செப்டம்பர் 2025

அன்புத் தங்கை ரிஃப்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் மூவரும் நலம். சின்னம்மா அல்வாவைக் குறைத்தார்களா?

மகளுக்கு ரஸ்மியா என்று பெயர் வைத்தது உனக்குத் தெரியும். ஆஸிம் அவளுக்குச் சைகைப் பெயரும் வைத்திருக்கிறார். வலது கையின் இரு விரலால் இடது மணிக்கட்டை வெடுக்கென்று இழுப்பது. அதுதான் அவள்.

நாற்பது நாளும் உம்மா இரவில் பிள்ளையைத் தம் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்கள். கயிற்றைப் பார்த்தார்கள். எதற்கு என்று கேட்கவில்லை. தூளியை ஆட்டத்தான் என்று நினைத்திருக்கலாம். நானும் சொல்லவில்லை. நாற்பது கழிந்ததும் நீலப் பெட்டியை எடுத்துக் கட்டிலில் திறந்து வைத்தார்கள். பிள்ளையின் சட்டைகளை மடித்து அடுக்கினார்கள். நான் தடுக்கவில்லை. எனக்குத் தூக்கமாக வந்தது, அறைக்குப் போய்ப் படுத்தேன்.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு உம்மா பாயில் நின்றிருக்கிறார்கள். பிள்ளை தூளியில் இருந்தாள். அப்போதுதான் வீறிட்டிருக்கிறாள். தொழுகையை விடவும் முடியாமல், தொடரவும் முடியாமல் நின்றதாகப் பிறகு எழுதிக் காட்டினார்கள். “அழுகை ஆரம்பிச்சது கேட்டுச்சு. நின்னதும் கேட்டுச்சு. எப்படி நின்னுச்சுன்னுதான் தெரியல.” அவர்கள் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பியபோது நான் தூளிக்குக் கீழே உட்கார்ந்து அவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கயிறு என் கையிலேயே இருந்தது.

உம்மா பாயை மடிக்கவே இல்லை. கயிறு போகும் வழியைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தார்கள். தூளி, உருளை, கதவு, கட்டில், மறுபடி என் கை. பிறகு பக்கத்தில் வந்து என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். நைலான் உராய்ந்து அங்கே சிவந்திருக்கிறது.

பெட்டியிலிருந்து தம் பழைய பருத்தித் துப்பட்டாவை எடுத்து, நீளமாகக் கிழித்து, மூன்று பிரியாகப் பின்னினார்கள். நைலானை அவிழ்த்துவிட்டு என் கையில் அதைக் கட்டினார்கள். முடிச்சை இழுத்துப் பார்த்தார்கள். போதாது என்று மறுபடி கட்டினார்கள்.

இன்று காலை பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏறினார்கள். சட்டைகள் எல்லாம் இங்கே அலமாரியில் இருக்கின்றன. பெட்டியை நீ தூக்கினால் உனக்கே தெரியும், ஒன்றும் கனக்காது. ஆஸ்பத்திரி வராந்தாவைப் பற்றி நான் அவர்களிடம் கேட்கவில்லை. பஸ் கிளம்பும்போது சன்னலிலிருந்து தம் மணிக்கட்டை இரு விரலால் இழுத்துக் காட்டினார்கள். சைகையே கற்றுக்கொள்ள மாட்டேன் என்றிருந்தவர்கள்.

இனி உன் சொல்லுக்கு வருகிறேன். “வீறிட்டு அழுகிறது” என்பது உனக்குச் சரியாக இருக்கலாம். எனக்கு அது இன்னும் அகராதி போலத்தான் இருக்கிறது. பன்னிரண்டாவது பகுதியில், அந்தத் தாய் கத்தியைப் போடும் இடத்தில், அடைப்புக்குறிக்குள் நீ போட வேண்டியது என்னவென்று யோசித்து வைத்திருக்கிறேன். அது

ரஸ்மியா இழுக்கிறாள்